வரி கட்டிய புகை

என் கணவர் ஒருநாள் காலைத் தேநீரைக் குடித்துக்கொண்டே, பூமி சூடாகிக்கொண்டு போகிறது, நாங்கள் இப்படியே புகை விட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் காலம் என்னவாகும் என்று கவலைப்பட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

ஒழுங்கை முடிவில் இருக்கிற கடையில் ஒரு தீப்பெட்டி வாங்குவதற்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கிற மனிதர் அவர். சில வருடங்களுக்கு முன்பு வாகனங்களுக்குக் காபன் வரி என்று ஒன்று வந்தது. வருடாந்த வரிப்பத்திரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், வாகனம் பழசென்றால் வரியும் கூடும். அதைக் கேட்டுவிட்டு இவர் வீட்டுக்குள் போட்ட சத்தம் அயலெல்லாம் கேட்டது. புகையை அளக்கக் காசு, புகைக்குக் காசு, இனி மூச்சு விடவும் காசு கேட்பார்கள் என்றார். பிறகு அந்த வரி வந்த வழியே போய்விட்டது. போன பிறகும் அந்தக் காசு எந்த மரத்தின் அடியில் ஊற்றப்பட்டது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்டவர், இப்போது தானாகவே புகைக்கு வரி போட வேண்டும் என்கிறார்.

நான் இயல்பிலேயே சந்தேகக்காரி. கூட்டுறவுச் சங்கக் கடையில் பல வருடம் வேலை செய்தவள். நிவாரணம் கொடுக்கிற காலத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், செத்தவர்களையும் சேர்த்துச் சொல்வார்கள். பதிவு, வரி என்று யாராவது வந்து நின்றால், அடுப்படியில் நிற்பவர்களையும் விட்டுவிட்டுச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்வார்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பழகியதால், யாராவது பொதுநன்மை என்று வாயைத் திறந்தால் அவருடைய கை எங்கே போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

“ஆரைக் குறிவைச்சுக் கதைக்கிறியள்?” என்று கேட்டேன்.

அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, பின் வளவு மதிலைப் பார்த்தார். அதில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா இருக்கிறார். எனக்கு இரத்த உறவில்லை. வயதில் மூத்தவர் என்பதால் அக்கா. கணவர் இல்லை, அண்ணன் தம்பிமார் வெளிநாட்டில். பெரிய வளவு, அதில் பிலாவும் மாவும் நிறைந்து நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் முற்றம் கூட்டாத வீடு வீடில்லை. கூட்டிக் குவித்ததைப் பின்னேரம் எரிக்காத வீடும் இல்லை. அக்காவும் எரிப்பார். சருகு, பன்னாடை, சில நாளில் அதற்குள் அகப்பட்ட பிளாஸ்ரிக் பையும் சேர்ந்து எரியும். அந்தப் புகை நேரே எங்கள் அறை யன்னலுக்கு வரும்.

வந்தால் என்ன, யன்னலைப் பூட்டினால் போச்சு என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்குத் தொய்வு இருக்கிறது. வைத்தியர்கள் ஆஸ்துமா என்று சொல்கிற அதுதான். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. என் அம்மாவுக்கும் இருந்தது. கொஞ்சம் புகை உள்ளே போனால் நெஞ்சு இறுகி, ஒவ்வொரு மூச்சையும் கயிறு போட்டு இழுக்க வேண்டியிருக்கும். இந்த விஷயம் வீட்டிலுள்ள எங்கள் மூன்று பேரையும் தவிர வேறு எவருக்கும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இன்ஹேலரை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்த முகங்கள் எதிர்ப்படும் என்பதால், சாவகச்சேரியில் ஒரு வைத்தியரிடம் போய் வந்தேன். யாராவது வழியில் கண்டால், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்வேன்.

இவ்வளவு ஒளிப்பும் மகளுக்காக. அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். உடுவிலில் ஒரு நல்ல குடும்பத்தோடு அவளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாதகம் பொருந்திவிட்டது. எங்கள் ஊரில் சாதகம் பொருந்திய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கும். அதற்குப் பெயர் விசாரிப்பது. பெண் வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், என்ன நோய், தாய்க்கு என்ன, தாயின் தாய் எதனால் செத்தார் என்று அயலில் மெல்லக் கேட்பார்கள். தொய்வு என்றால் பரம்பரை வருத்தம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். மகளுக்கு அது இல்லை. ஆனால் இல்லை என்று எப்படிக் காட்டுவது?

அக்காவின் தங்கை கலியாணம் முடித்துப் போயிருப்பது உடுவிலுக்கு. அதுவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில். ஆகவே அக்காவிடம் போய், எனக்கு ஏலாது, தயவுசெய்து எரிக்காதேங்கோ என்று ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல் மறுநாளே உடுவிலில் நிற்கும். இதுதான் எங்கள் கணக்கு. எனக்கு மூச்சும் வேண்டும், மகளுக்குக் கலியாணமும் வேண்டும். அதனால்தான் என் கணவர் பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டார்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், பத்திரிகை படிக்கிற அந்த மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம் நடந்தது. நான் பெண்கள் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அக்காவும் வந்து எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்தார். என் கணவர் எழுந்து, வீடு வீடாகக் குப்பை எரிப்பதால் காற்றில் காபன் கூடுகிறது, உலகமெல்லாம் இதற்கு வரி எடுக்கிறார்கள், எங்கள் ஊர் முன்மாதிரியாக எரிக்கிற வீடுகளிடம் ஒரு புகை வரி எடுத்து அந்தப் பணத்தில் மரம் நடலாம் என்று சொன்னார். எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனது எனக்குத் தெரியும். நன்றாகத்தான் சொன்னார்.

சொல்லி முடித்ததும் மண்டபம் முழுக்கச் சந்தேகம் எழுந்து நின்றது. காசை யார் வைத்திருப்பது என்று ஒருவர் கேட்டார். உழவு இயந்திரம் வைத்திருப்பவர், இது தன்னைக் குறிவைத்து வருகிறது என்று சொல்லிக் கோபமாக எழுந்தார். உழவு இயந்திரத்துக்கு இல்லை, சருகுக்கு மட்டும்தான் என்று கணவர் சொன்னதும் சந்தேகம் இரண்டு மடங்காகியது. மோட்டார் சைக்கிளுக்கு இல்லை, நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு இல்லை, சருகுக்கு மட்டும் ஏன், சருகில் இவருக்கு என்ன கண் என்று பின்வரிசையில் கதைத்தார்கள். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒருவர் எழுந்து, தங்கள் நாட்டில் எரிபொருளுக்குக் காபன் வரி எடுத்துவிட்டுப் பிறகு அதில் ஒரு பங்கை மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள் என்று விளக்கினார். திருப்பித் தருவதென்றால் பிறகு ஏன் வாங்குகிறார்கள் என்று ஒரு வயதானவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். கனடாக்காரர் விளக்க விளக்க எவருக்கும் விளங்கவில்லை. அவர் வந்து இறங்கிய விமானத்தின் புகைக்கு யார் வரி கட்டியது என்று இன்னொருவர் கேட்டதோடு அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்டவருக்கும் பூமியைப் பற்றிய கவலை இல்லை, கனடாக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் சரி என்பதுதான். அந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட ஒவ்வொரு நியாயத்துக்குப் பின்னாலும் வேறொரு காரணம் நின்றது. எங்கள் நியாயத்துக்குப் பின்னால் நின்றது என் நெஞ்சு.

கூட்டத்துக்கிடையில் அக்கா ஒருமுறை மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் உடனே மேலே காற்றாடியைப் பார்த்தேன்.

காசு நிலையத்துப் பெட்டிக்குத்தான் வரும் என்று முடிவானதும், எப்படியோ புகை வரி நிறைவேறியது. அதை நடத்துகிற பொறுப்பை நிலையத்துத் தலைவர் ஏற்றுக்கொண்டார். அங்கேதான் காரியம் பிழையாகிப் போனது. தலைவர் பல வருடம் கோயில் திருவிழாக்களை நடத்தியவர். ஊரில் பணம் சேர்ப்பதற்கு அவருக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நாள் திருவிழாவையும் ஒரு குடும்பம் தன் செலவில் செய்யும், அதற்கு உபயம் என்று பெயர். உபயகாரரின் பெயரை வாசலில் எழுதி வைப்பார்கள், ஒலிபெருக்கியில் சொல்வார்கள். புகை வரிக்கும் தலைவர் அதையே செய்தார். நிலையத்து வாசலில் பலகை வைத்து, கூடுதலாகக் கட்டியவரின் பெயரை மேலேயும் குறைவாகக் கட்டியவரைக் கீழேயும் எழுதுவித்தார். மாதத் தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வாசித்த பையனுக்கு வாய் பழக்கதோஷம். இம்மாதப் புகை வரியை உபயமாக வழங்கிச் சிறப்பித்தவர் என்றுதான் தொடங்கினான்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும்? பலகையில் பெயர் இல்லாத வீடு வெட்கப்பட்டது. முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டு, எரிவாயுவில் சமைத்து, ஒரு சருகும் எரிக்காத வீட்டு அம்மாவின் பெயருக்கு லண்டனில் இருக்கிற மகன் பணம் அனுப்பினான். மேலே நிற்கிற பெயரை முந்த வேண்டும் என்று இரண்டு குடும்பங்களுக்குள் போட்டி வந்தது. இதற்குள் கட்டியவர்கள் எல்லாரும் எரித்தார்கள். முன்பு அயலவர் முகம் சுளித்தால் கொஞ்சம் தயங்கியவர்கள் கூட, வரி கட்டியிருக்கிறோம், எரிப்போம் என்றார்கள். என் கணவர் காற்றைச் சுத்தப்படுத்தப் போட்ட வரி, ஒழுங்கை முழுவதும் புகையை மரியாதைக்குரியதாக்கிவிட்டது.

சேர்ந்த பணத்தில் மரம் வாங்கினார்களா என்று கேட்காதீர்கள். மின்வெட்டு நேரத்தில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்று நிலையத்துக்கு ஒரு ஜெனரேற்றர் வாங்கினார்கள். மரம் மழை தொடங்கிய பிறகு என்றார்கள்.

பலகையில் முதலாவதாக நின்றது அக்காவின் பெயர். முழு வருடத்துக்கும் ஒரேயடியாகக் கட்டியிருந்தார். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு எரிந்தது. அவருக்கு விளங்கிவிட்டது, எங்களுக்குப் பாடம் படிப்பிக்கத்தான் கட்டியிருக்கிறார் என்று கணவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு நாளும் எரித்தார். முன்பு கிழமையில் ஓரிரு தடவைதான், கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்புதான் அது கூடத் தொடங்கியிருந்தது. நான் யன்னலை அடைத்துவிட்டு, மரச்சட்டத்துக்கு இடையில் இருக்கிற நீக்கலால் பார்ப்பேன். வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாகச் சாட்சி சேர்த்தேன். தன் வளவுச் சருகு முடிந்ததும், ஒழுங்கை ஓரத்தில் மற்றவர்கள் கூட்டி வைத்ததையும் உரப்பையில் அள்ளிக்கொண்டு வந்தார். ஏன்? காய்ந்த சருகு குப்பென்று பற்றி முடிந்துவிடும். அக்கா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குவியலின் மேல் தெளித்துவிட்டுத்தான் பற்றவைத்தார். ஈரச் சருகு எரியாது, புகையும். அந்தப் புகை மதிலுக்கு மேலால் எழும்பி ஒழுங்கை வரைக்கும் போகும். ஒரு மனுசி தெரியாமல் இப்படிச் செய்வாளா? வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் எல்லாவற்றிலும் மோசம். இணுவில் கந்தசாமி கோயிலுக்குச் சனம் போகிற நேரம் பார்த்து, புதிதாக ஒரு குவியலைப் பற்றவைப்பார்.

எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. கோயிலில் கண்டால் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். ஏன் பிள்ளை யன்னலெல்லாம் பூட்டிக்கிடக்கு என்று ஒருநாள் கேட்டார். பூனை வருகிறது என்றேன். ஓ, பூனையோ என்றார். அந்த ‘பூனையோ’வில் ஒரு கேலி இருந்ததாக எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து கணவரோடு சண்டை பிடித்தேன். மகள் மட்டும், அந்த அக்காவிடம் நேரே சொல்லிவிடுங்கள் அம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உனக்கு உலகம் தெரியாது என்று அவளின் வாயை அடைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் நான் தனியே இருந்தேன். புகை வழமையை விடக் கனமாக வந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி இன்ஹேலரை இழுத்தேன். கொஞ்சமும் இளகவில்லை. நெஞ்சு இறுக இறுக எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் வந்தது. செத்தாலும் இவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சாகிறேன் என்று செருப்பும் போடாமல் வெளியே வந்து, அக்கா வீட்டுக் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா குவியலடியில் வாளியோடு நின்றார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. வாளியை அப்படியே நெருப்பில் கொட்டிவிட்டு ஓடிவந்து, என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினார். கதிரையில் இருத்தி, முன்னுக்குச் சரிந்து மேசையில் முழங்கையை ஊன்றச் சொன்னார். தொய்வுக்காரர் எப்படி இருந்தால் மூச்சு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுடுதண்ணீர் தந்தார். நான் கதைக்கக்கூடிய நிலைக்கு வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ஏன் பிள்ளை இந்தப் புகைக்குள்ளாலை வந்தனீர்? உள்ளுக்கை இருந்திருக்கலாமே” என்றார்.

“நீங்கள் ஏன் எரிக்கிறியள்? அதைச் சொல்லுங்கோ முதல்.”

அக்கா எனக்கு எதிரில் இருந்தார். 

“உடுவில் தங்கச்சி வந்து நிண்டவள், உங்கடை சாதகம் பொருந்தின கிழமை. நீர் இருமினது இஞ்சாலை கேட்டது. உது என்ன அக்கா, தொய்வு இருமலோ, மாப்பிள்ளையின்ரை தாய் என்னட்டைத்தான் விசாரிக்கச் சொல்லியிருக்கிறா எண்டவள். நான் சொன்னன், தொய்வுமில்லை ஒண்டுமில்லை, நான் குப்பை எரிக்கிற புகை, அந்தப் பாவம் ஒண்டும் சொல்லாமல் இருமிக்கொண்டு கிடக்குது எண்டு. சொல்லியாச்சு. பிறகு எரிக்காமல் இருக்கேலுமோ?”

எனக்கு உடனே விளங்கவில்லை.  மாப்பிள்ளையின் தாய் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஒழுங்கையால்தான் கோயிலுக்குப் போவாராம். அவர் போகிற நேரத்தில் நான் இருமினால், புகையும் மதிலுக்கு மேலால் தெரிய வேண்டும். அதற்குத்தான் ஈரச் சருகு. அதற்குத்தான் உரப்பை.

“வரியும் கட்டினனீங்கள்” என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

“உம்மடை மனுசன்தானே அந்த வரியைக் கொண்டு வந்தவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் உங்களுக்காக எரிக்கிறன், அவர் என்னட்டை வரி கேக்கிறார். ஒருக்கால் கட்டிவிட்டால் ஆரும் நிப்பாட்டச் சொல்ல மாட்டினம் எண்டு முழு வருசத்துக்கும் கட்டினன்.”

எனக்குத் தொய்வு என்று அவருக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். நான் இந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்தே தெரியும் என்றார். ஒரு மதில்தானே நடுவில் இருக்கிறது.

“அப்ப ஏன் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“நீர் என்னட்டைச் சொன்னனீரோ பிள்ளை? நீர் மறைக்கிற ஒண்டை நான் எப்பிடி வாயெடுத்துக் கதைக்கிறது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் நீக்கலால் பார்த்துச் சேர்த்த சாட்சிகளில் ஒன்று கூடப் பொய்யில்லை. தண்ணீர் தெளித்தது உண்மை, உரப்பை உண்மை, வெள்ளிக்கிழமை உண்மை. எல்லாம் உண்மையாக இருந்தும் நான் கட்டிய வழக்கு மட்டும் முழுப் பிழை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் இருமல் வரும் என்று அக்கா மெல்ல அதட்டினார்.

கலியாணத்துக்கு நாள் குறிக்கும்வரை பொறுத்துக்கொள், அதற்குப் பிறகு நிறுத்திவிடுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் தன் குசினிக்குள் வந்து இருக்கலாம், இந்தப் பக்கம் காற்று வராது என்றும் சொன்னார். என் தொய்வை எங்கே ஒளித்து வைப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் அவருடைய குசினிக்குள் இருந்து திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் எனக்கு அலுத்துவிட்டது. பலகையில் புகை விடுகிற ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது. புகையைக் குடிக்கிறவளுக்கு எந்த இடத்திலும் பெயர் இல்லை. நானே என் பெயரை எழுத விடவில்லை.

“இனி எரிக்காதேங்கோ அக்கா” என்றேன்.

“பிறகு இருமலுக்கு என்ன சொல்லுவீர்?”

“இருமலெண்டு சொல்லுவன்.”

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். அது நியாயம்தான், நானும் என்னை நம்பவில்லை.

அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தாயும் அவருடைய சகோதரியும், கோயிலுக்கு வந்த கையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். பொதுவாகக் கதைத்துவிட்டுப் போகத்தான் என்றார்கள். நான் கேட்டபடி அக்கா எரிக்கவில்லை. யன்னல்கள் திறந்திருந்தன. நான் தேநீரும் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தேன். குனிந்து நிமிர்ந்தபோது இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. கணவர் எழுந்து யன்னலடிக்குப் போய், ஊரில் ஒரே புகை, எவ்வளவு சொன்னாலும் கேட்கிறார்கள் இல்லை என்று தொடங்கினார். மாப்பிள்ளையின் தாய் மதிலைப் பார்த்தார். வானம் சுத்தமாக இருந்தது.

“இண்டைக்கு அங்காலை புகையைக் காணேல்லை” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கண் மட்டும் என்னில் நின்றது.

மகள் கதவடியில் நின்றாள். அவளைப் பார்த்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால், நான் அவளைப் பார்க்கவில்லை.

“புகையில்லை. எனக்குத் தொய்வு. என்ரை அம்மாவுக்கும் இருந்தது. பிள்ளைக்கு இல்லை” என்றேன்.

கணவர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் தாய், ஓ, அப்பிடியோ, இப்ப நல்ல மருந்துகள் இருக்குத்தானே என்றார். தேநீரை முழுதாகக் குடித்தார். பணியாரம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். போகும்போது மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அவ்வளவு அன்பாக நடந்ததால் எனக்கு முடிவு அப்போதே தெரிந்துவிட்டது.

கொஞ்ச நாளில் தரகர் வந்தார். சாதகத்தை வேறொரு சாத்திரியாரிடம் காட்டினார்களாம், ஏதோ ஓர் இடத்தில் இடிக்கிறதாம். முன்பு பொருந்திய அதே சாதகம். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார். செய்தியைக் கேட்ட அக்கா தங்கையோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நிலையத்துத் தலைவர், கட்டிய வரிக்கு எரிக்காமல் இருப்பவரை என்ன செய்வதென்று தெரியாமல், அக்காவின் பெயரை முதலிலேயே விட்டுவைத்தார்.

நான் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிந்தேன். அவள் வழமை போலப் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், கொப்பிகள் திருத்தினாள். அவளுடைய அமைதியையும் நான் சந்தேகப்பட்டேன். உள்ளுக்குள் என்னைத் திட்டுகிறாள் என்றே நினைத்தேன். ஒரு பின்னேரம் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன். கொஞ்சம் பொறுத்திருந்தால் உன் கலியாணம் நடந்திருக்கும், என் வாயால் கெட்டது என்றேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நடந்திருக்கும். பிறகு எனக்குப் பிள்ளை பிறந்தால், அந்த வீட்டிலை வந்து என்னோடை ஒரு இரவெண்டாலும் தங்கியிருப்பியளோ அம்மா?”

இரவில் வருகிற இருமலுக்கு அந்த வீட்டில் எந்தப் புகையைக் காட்டுவேன்? தங்கியிருக்க மாட்டேன்.